பதினோரு குலை

ஆறரை மணிக்கு இன்னும் இருட்டுதான்.
தனபாலன் வாசலில் குந்தி
பாசார் மாலாமில் வாங்கிய சப்பாத்துக்குக் கயிறு கட்டுகிறார்.
முப்பத்தைந்து வெள்ளி. கிளிப்பச்சை.
வேறு நிறம் இல்லை என்றானாம் கடைக்காரன்.

போன மாதம் பீடோர் கிளினிக்கில்
மிஸ்ஸி ஒரு எண்ணைச் சொன்னாள்:
பன்னிரண்டு புள்ளி நான்கு.
அந்தத் துண்டுத்தாளை
நாலு நம்பர் சீட்டு மாதிரி
ஒரு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.
பிறகு சீனி டப்பாவை எடுத்து
யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்தார்.
நான் கண்டுபிடித்துவிட்டேன். அது வேறு கதை.

பள்ளி விடுமுறை. மழை இல்லாத ஐந்தாவது வாரம்.
மண்பாதையில் கவினேஸ் ஓடுகிறான்,
எதையோ மறந்தவன்போல் திரும்பி வருகிறான்,
மறுபடி ஓடுகிறான்.
வர்ஷினி கைப்பேசியில் எங்கள் அடிகளை எண்ணுகிறாள்.
"அப்பா, கையை வீசுங்க.
பொட்டலம் தூக்கிட்டுப் போற மாதிரி நடக்காதீங்க."

கடைக் கதவைத் தூக்கிக்கொண்டே
பூங்காவனம் அக்கா கேட்கிறார்:
"வேலை செய்ற ஒடம்புக்கு எதுக்கு ஓட்டம்?
யாரு தொரத்துறா?"
யாரும் துரத்தவில்லை அக்கா,
அதுதான் எங்களுக்கே புதுசா இருக்கு.

இதே பாதையில் ஒரு காலம்
பெரட்டுக்கு நின்றிருக்கிறோம்.
பேர் கூப்பிட்டால் கை தூக்கணும்.
பாலை நிறுத்தார்கள், பழத்தை நிறுத்தார்கள்,
கிராணி புத்தகத்தில் எழுதாத வியர்வை
அன்றைக்கு வியர்வையே இல்லை.

மில் வாசலில் லோரி நிறுக்கும் எடைப்பாலம்.
ஞாயிற்றுக்கிழமை, காலியாகக் கிடக்கிறது.
என்ன தோன்றியதோ, மனுஷன் அதன்மேல் ஏறி நின்றுவிட்டார்.
"லோரி சாஜா, போஸ்,"
நேப்பாளக் காவலாளி சிரிக்கிறான்.
"அப்ப நாங்களும் ஏறுறோம்," என்று கவினேஸ் குதிக்க,
வர்ஷினி குதிக்க,
நான் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏறினேன்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் யோசித்து
இருநூற்று இருபதில் நின்றன.
"குலைக்கு இருபது கிலோன்னு வெச்சா
நாம பதினோரு குலை," என்றாள் மகள்.
"அதுல அப்பா மட்டும் நாலு."
அவன் கூண்டிலிருந்து எழுந்து வந்து
எங்களுக்கு ஒரு ரசீது கூட அடித்துக் கொடுத்தான்.

ஆறு, தடுப்புச் சுவருக்குக் கீழே
முழங்கால் வரைக்கும் வற்றியிருக்கிறது.
வளைவில் மட்டும் ஓர் ஆழம்,
தேத்தண்ணி நிறத்தில்.
பிள்ளைகள் விழுந்த சத்தத்தில்
மூங்கிலில் இருந்த ஏதோ ஒன்று பறந்து போனது.
அட்டைக்குப் பயந்து தனபாலன்
சப்பாத்தோடு இறங்குகிறார்.

எனக்கு நீச்சல் தெரியாது.
இடுப்பளவு தண்ணீர்தான் என் எல்லை.
அங்கே நின்றுகொண்டு
மல்லாந்த அவர் முதுகின் கீழே
ஒரு கையை வைத்தேன்.
இருபத்திரண்டு வருஷமாக
இந்த முதுகுக்குத் தைலம் தேய்த்திருக்கிறேன்.
தாங்கியதில்லை.
வயிறு மட்டும் வெளியே தெரிய,
காது இரண்டும் தண்ணீருக்குள்ளே இருக்க,
கண்ணை மூடியபடி
"கனக்குதா?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிறார்.
"அரைக் குலை," என்றேன்.
கேட்டிருக்காது.

நாளைக்கு எனக்கு இரண்டாவது ஷிப்ட்.
கையுறைக் கம்பெனி பஸ் ஒரு மணிக்கு வந்துவிடும்.
அவருக்கு லோரி, நாலு மணிக்கே.
இப்போதைக்கு
பாறையில் உட்கார்ந்து சார்டின் ரொட்டி தின்கிறோம்.
ஈரக் கையால் எடுத்த ரொட்டி ஆற்று ருசி ருசிக்கிறது.
கவினேஸ் என் பங்கையும் கேட்கிறான்.

திரும்பும்போதுதான் பார்த்தோம்,
சப்பாத்து சாயம் விடுகிறது.
விரல் பச்சை, நகம் பச்சை,
கணுக்கால் வரைக்கும் பச்சை.
"முப்பத்தைந்து வெள்ளி!" என்று அவர் கத்தக் கத்த
பிள்ளைகள் வழியெல்லாம் விழுந்து சிரிக்கிறார்கள்.
ஆற்றிலிருந்து பூங்காவனம் அக்கா கடை வரை
ஒரு பெரிய மனுஷன் நடந்த
பச்சைக் கால்தடம்.