கலங்கினால் கூப்பிடுங்கள்

பத்திரத்தில் அதற்குப் பெயரில்லை.
மூன்றே முக்கால் ஏக்கர், 'நீர் உட்பட'
என்று மட்டும் இருந்தது.
என் சேமநிதிப் பணம் முழுதும்
அந்த 'உட்பட'வில்தான் போயிற்று.

ரப்பர் ஆலைக்காகக் கம்பெனி கட்டிய மண்கரை.
சிலாமா டவுன் தாண்டி, செம்பனை லோரி போகும் தடத்தில்
இடது கைப் பக்கம்.
பன்னிரண்டு அடி உயரம், நூற்றெட்டு எட்டு நீளம்.
ஆலை போய், பால்மரம் போய்,
ஆலையின் துருவும் எடைக்குப் போன பிறகு
தண்ணீருக்கு மட்டும் யாரும் கணக்கு முடிக்கவில்லை.

நான் அதற்கு வேலை கொடுத்தேன்.
காலையில் கீரைப் பாத்திக்கு ஒரு மணி நேரம் பம்பு.
உள்ளே திலாப்பியா, நாலாயிரம் குஞ்சு.
வறட்சியில் நாற்றுப்பண்ணை ரோஸ்லான்
தொட்டிக்குப் பதினெட்டு வெள்ளி தருவார்.
மார்ச்சில் புதர் எரிந்தபோது
பொம்பா வண்டி குழாயை இறக்கி உறிஞ்சியது.
அதற்குக் காசு கேட்கவில்லை.
கேட்டிருக்கலாமோ என்று இரண்டு நாள் நினைத்தேன்.

மீன் தப்பிக்கிறது என்று
கலிங்கின் வாயில் வலை கட்டினேன்.
பச்சை நைலான், இரண்டு அடுக்கு.
நல்ல யோசனை என்று யாரும் சொல்லவில்லை.
யாரையும் நான் கேட்கவில்லை.

வடிகால் இலாகாவிலிருந்து வந்த நூர் ஹனிசா
கரை முழுக்க நடந்தாள், முழங்கால் வரை சேறு.
அக்கேசியாவை வெட்டினால் போதாது, வேரும் வர வேண்டும்;
வேர் மக்கினால் அது குழாய் என்றாள்.
பியாவாக் வளையில் குச்சியை விட்டாள்.
முழுக் குச்சியும் போயிற்று.
அடிவாரக் கசிவின் முன் குந்தி
உள்ளங்கையில் ஏந்தி வெயிலுக்குக் காட்டினாள்.
"மண்கரை வேர்க்கும். வேர்க்கட்டும்.
தெளிவாக இருக்கும்வரை பரவாயில்லை.
கலங்கினால் கூப்பிடுங்கள்.
கலங்கினால் வருவது தண்ணீர் இல்லை,
உங்கள் கரை."
பிறகு வலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
எடுத்துவிடுகிறேன், அடுத்த வாரம் மீன் பிடித்ததும் என்றேன்.

அடுத்த வாரத்துக்கு முன்னால் மழை வந்தது.

இரவு இரண்டு மணி. டார்ச் வெளிச்சத்தில்
ஆகாயத்தாமரை, செம்பனை ஓலை, யாருடையதோ ஒற்றைச் செருப்பு
எல்லாம் வலையில் அப்பிக் கலிங்கு ஊமையாகியிருந்தது.
கரை விளிம்புக்கு ஒரு சாண்.
மாடு ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தில்
நாலு விரல்.

கீழே தாமான் செஜாத்தியின் விளக்குகள்.
கீரை போடுகிறவளுக்கு வாசல் வாசலாகத் தெரியும்:
முதல் வரிசையில் தையல்கார இந்திராணி,
அடுத்து டயாலிசிஸுக்குப் போகும் கோவிந்தராஜு,
மூலையில் லிம்மின் மோட்டார் பட்டறை.
அறுபத்திரண்டு வீடு.
ஒன்றுக்கும் மாடி கிடையாது.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள்.
போட்டவள் அதன்பின் என்ன செய்ய வேண்டும் என்று
பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது.

பாராங்கால் முதல் கயிறு, இரண்டாவது கயிறு.
மூன்றாவது தானே பிய்ந்தது.
எட்டு மாதத் தீவனம், ஆ லெங்கிடம் வாங்கிய முன்பணம்,
எல்லாம் வழவழப்பாய் என் முழங்காலில்
மோதி மோதிப் போயிற்று.
விடியும்வரை நின்றேன்.
நாலு விரல் ஒரு சாணானது. சாண் ஒரு முழமானது.

ஏழு மணிக்கு இந்திராணி போன்:
"அக்கா, சாக்கடையில மீனு! பிள்ளைங்க வாளி வாளியா அள்ளுதுங்க.
உங்களுக்கு ரெண்டு எடுத்து வைக்கவா?"
வை என்றேன்.

இப்போது ஜன்னல் கட்டையில் ஹார்லிக்ஸ் போத்தல்கள்.
கசிவிலிருந்து நாளுக்கு ஒன்று, தேதி ஒட்டி.
முப்பது சேர்ந்ததும் பழையதைக் கழுவி மறுபடி.
பார்க்கிறவர்கள் தீர்த்தமா என்று கேட்கிறார்கள்.

இன்று செவ்வாய். போத்தலின் அடியில்
மயிரிழை அளவுக்கு ஏதோ.
சரியாகக் கழுவாததாக இருக்கலாம்.
குலுக்கினேன், வைத்தேன், குனிந்து பார்த்தேன்.
மணி ஆறரைதான்.
கூப்பிட்டேன்.