எந்தத் தலைப்பின் கீழ்

மார்ச் இருபத்தொன்பது.
கண்ணாடிக்கு வெளியே இலவ மரம்
மைனாக்களுக்குச் சிவப்பாகக் கடை விரித்திருந்தது.
உள்ளே, என் மேசையில்
இன்னும் இரண்டு நாளில் செத்துவிடப்போகும் பணம்:
நான்கு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறு.

செலவழித்தால் கேள்வி வரும்.
செலவழிக்காமல் விட்டால்
'தேவைப்படவில்லை போலும்' என்று
அடுத்த வருடம் அந்த அளவு கத்தரிப்பார்கள்.

புத்தகம் வாங்கலாமே என்பீர்கள்.
நூல் கொள்முதல் தலைப்பு நவம்பரிலேயே துடைத்த சட்டி.
டாலர் ஏறிய வாரத்தில்
ஒரே ஒரு வேதியியல் இதழ்
தமிழ், உருது, வங்காளம் மூன்றின் பங்கையும்
தின்று ஏப்பம் விட்டது.
இந்தப் பணமோ தளவாடம் என்ற தலைப்பில் கிடந்தது.
தளவாடம் என்றால் நாற்காலி.
உட்கார வாங்கலாம்,
உட்கார்ந்து படிக்க வாங்கக்கூடாது.

"நாற்காலியே போடுங்க மேடம்" என்றார் நேகி.
"ஆடிட்காரன் நாற்காலியைப் படிக்க மாட்டான்,
எண்ணிட்டுப் போயிடுவான்."

கதவருகே ரம்ஜானி நின்றார்.
ஐந்து மாதச் சம்பளம் பாக்கி, எழுபதாயிரம்.
அவர் வேலை குரல் கொடுப்பது.
ரிட்ஜ் காட்டிலிருந்து இறங்கும் குரங்குகளுக்கு
மூன்றாம் மாடிச் சட்டப் பிரிவின் மேல் தீராத ஆசை;
பைண்டிங் பசையில் மைதா இருக்கிறது.
முன்பெல்லாம் நிஜ முசுவைக் கயிற்றில் கட்டி அழைத்து வருவார்கள்.
வனத்துறை தடுத்துவிட்டது.
ஆகவே கருமுகம் இல்லாத, வால் இல்லாத ரம்ஜானி
தில்லியின் மொட்டைமாடியில் நின்று
முசுவாகக் கத்துகிறார்.
ஓடிவிடுகின்றன.

நிதி அலுவலர் சப்பர்வாலின் குறிப்பு, பச்சை மையில்:
'மேற்படி நபர் ஊழியரா, ஒப்பந்ததாரரா, உபகரணமா?
தெளிவுபடுத்தி மீண்டும் அனுப்பவும்.'
டிசம்பரில் அனுப்பினேன். பிப்ரவரியில் அனுப்பினேன்.
கோப்பு கொழுத்தது; நாடா மாற்றினோம்.

அன்று அந்த மூன்றாவது சொல்லின் மேல்
என் பேனா நின்றது.

ஒலி அமைப்பு, குரங்கு விரட்ட, ஒன்று. எழுபதாயிரம்.
நாற்காலி நாற்பது,
எட்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது வீதம்.
கூட்டிப் பார்த்தேன். பைசா பிசகவில்லை.
பத்தொன்பது வருட சர்வீசில்
இப்படி ஒரு கூட்டல் எனக்கு வாய்த்ததில்லை.
வெட்கமாக இருந்ததா என்றால்,
அப்போது இல்லை.

ரம்ஜானியிடம் சொன்னேன்,
சொல்லாமல் செய்வது சரியில்லை என்று பட்டதால்.
கொஞ்சம் யோசித்தார்.
"சாமானுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போடுவீர்களே,
எனக்கு எங்கே போடுவீர்கள்?"
நேகி சிரித்தார்.
நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்டில் இருப்புச் சரிபார்ப்பு.
வந்தவர் லால்ரின்பூயா, வேலைக்குப் புதிது,
மழையில் நனைந்த சட்டையோடு
நாற்பது நாற்காலியையும் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார்.
"நாற்பத்தொன்று?"
மேலே கை காட்டினேன்.
அந்த நேரம் பார்த்துக் குரல் எழுந்தது.
வாசிப்பறையில் புதியவர்கள் நிமிர்ந்தார்கள்;
பழகியவர்கள் பக்கம் புரட்டினார்கள்.
அவர் வெகுநேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.
பிறகு எழுதினார்:
'வரிசை எண் 41. பார்க்கவில்லை. கேட்டேன். இயங்குகிறது.'

இப்போது அவர் சம்பளம் உபகரணப் பராமரிப்பில் போகிறது.
மாதம் தவறுவதில்லை.
சப்பர்வால் கேள்வி கேட்பதில்லை.
தேய்மானம் மட்டும் வருடத்துக்குப் பத்து சதவீதம்;
வரும் மார்ச்சில் பதிவேட்டின்படி
ரம்ஜானி அறுபத்து மூவாயிரம்.

நவம்பர். புகை இறங்கிவிட்டது.
மாடிப்படியில் இருமல் கேட்கிறது.
அதை எந்தத் தலைப்பில் வைப்பது என்று
பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.