கரைந்த பத்தி

கெடிலம் ஊருக்குள் வந்துபோன வருஷம்
கூத்தப்பாக்கத்து வீடொன்றிலிருந்து
எங்கள் கடைக்கு எடைக்கு வந்தது அந்த அகராதி.
தடித்த எழுத்துச் சொற்கள் அப்படியே நிற்க
பொருள் மட்டும் நீலப்புகையாய்க் கரைந்திருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றாள் அஞ்சலாட்சி.
சிப்காட்டில் மாத்திரை எண்ணுகிறவள்.
கம்பெனி வண்டி வரும்வரை
எங்கள் பெஞ்சில்தான் இருப்பாள்.
என் காதிலிருந்த பென்சிலை உருவி
ஆரம்பித்தாள்.

குய்:
காற்று திசைமாறி சிப்காட் ஊருக்குள் நுழைகையில்
மூக்கு போடும் சத்தம்.

ஞெண்டு:
ஜலதோஷம் பிடித்த நண்டு.

எற்பாடு (இது நான்):
கால் ஒடிந்த ஏற்பாடு.
மண்டபம் கிடைத்து
சமையல்காரர் வராத கல்யாணம்.

உணங்கல்:
வெள்ளம் வடிந்த மறுநாள்
மொட்டைமாடியில், செங்கல் பாரத்தோடு,
ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்,
பாதி முகங்கள் உள்ள ஆல்பம்.

பையுள்:
பைக்குள் கைவிட்டு
பர்ஸ் இல்லை என்று
விரல் தெரிந்துகொள்ளும் நொடி.

நொதுமலுக்கு ரொம்ப நேரம் யோசித்தாள்.
வண்டி ஹாரன் அடித்தபிறகு
நின்றபடியே கிறுக்கிவிட்டு ஓடினாள்:
ஒரே பெஞ்சு. ரெண்டு பேர்.
நடுவில் ஒரு தண்ணி பாட்டில்.

ஆடியில், யாரோ போட்ட மூட்டைக்குள்
அதே அகராதி, நனையாமல்.
மார்க் போட உட்கார்ந்தோம்.

குய், தாளிக்கும் மணமாம்.
"யாரு வூட்ல?" என்று மூக்கைச் சுருக்கினாள். முட்டை.
ஞெண்டு நண்டேதான். ஜலதோஷத்துக்கு அரை மார்க் பிடித்தம்.
உணங்கல், உலர்ந்த பொருள்.
நூற்றுக்கு நூறு, ஆனால் கைதட்டவில்லை.
பையுள், துன்பம்.
"நம்ம டவுன் பஸ்ல போனவன்தான்
கண்டுபிடிச்சிருப்பான்" என்றாள்.
எற்பாடு, பொழுது சாயும் நேரம்.
இருவரும் நிமிர்ந்தோம்.
பாலத்துப் பக்கம் அது நடந்துகொண்டிருந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. ஹாரன்.
"நீயே பாத்து வை."

பார்த்தேன்.
நட்பும் இல்லை, பகையும் இல்லை; அயல்.
சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

நனையாததைத் தராசில் வைத்தேன்: ரெண்டு கிலோ நானூறு.
கரைந்தது அதைவிட நூறு கிராம் கூடுதல்.
பொருள் போனபின் எப்படி எடை ஏறும்?
வண்டலாக இருக்கும்.

அவள் மறந்துபோன பாட்டிலை
நடுவிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு
ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.