இடது மூலை காலி

கார்த்திகை அடைமழை. ஆடுகளத்தில்
கெண்டைக்கால் அளவு தண்ணீர்.
நடுக்கோடு கிடந்த இடத்தில் ஒரு தவளை
மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருக்கிறது,
பிடிக்க ஆளில்லை.

புதுவயல் அரிசி ஆலையில் நான் எடை போடுகிறவன்.
நெல் வராத நாட்களில்
மூட்டைத் தராசில் பயல்களை ஏற்றுகிறேன்.
அறுபத்தைந்து கிலோவுக்குள் இருந்தால்தான் ஆட்டம்.
ராபின்சன் ஏறினான்: எழுபத்தொன்று நானூறு.
"செருப்போட நிக்கிறேண்ணே."
கழற்றினான். எழுபத்தொன்று நூறு.
அக்காள் கல்யாணம், மூன்று நாள் பந்தி;
தைக்குள் ஆறு கிலோ இறங்கணும் என்று
லாரிச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன்.

அதே சீட்டில் மற்றவர்கள்.
அபுதாகிர், வலது கவர், சிங்கப்பூர் போய்விட்டான்.
ராத்திரி பதினொன்றுக்குக் குரல் அனுப்புகிறான்:
"நாலாம் நம்பர் பனியன யாருக்கும் குடுத்துராதீங்க."
சிலம்பரசுக்குப் போலீஸ் வேலை,
இனிமேல் துறைக்குத்தான் பாடுவான்.
இடது மூலையில் நின்ற பிரித்தீஷுக்கு
மாமனார் வீட்டில் கோழிப் பண்ணை.
உடையப்பன், நம் ஒரே ரைடர், முட்டி.
ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
நெல்லில் பதரைக் கண்டுபிடித்துவிடுவேன்,
இந்தக் கறுப்பு வெள்ளையில் எனக்கு என்ன தெரியும்.

கையிருப்பு பதினெட்டாயிரத்து நானூறு,
அதில் ஆறாயிரம் பாய் வாடகைப் பாக்கி.

வட்டாரச் சங்கத்தில் ஒரு விதி உண்டு:
கடைசியில் வந்த ஊருக்கு முதல் சீட்டு.
போன வருசம் ஏழு ஆட்டம். ஏழும் தோல்வி.
ஆகவே காரைக்குடி செக்காலை ரோட்டு மாடி ஹாலில்
என்னை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்து
முதல் காப்பியும் எனக்கே கொடுத்தார்கள்.
பள்ளத்தூர்க்காரர் குனிந்து சொன்னார்:
"தோத்தாலும் ஒமக்கு யோகம்யா."

விடுதிப் பையன் ஒருவன் சுவரோரம் நின்றான்.
ஆறடி இரண்டு அங்குலம்,
ஒரே எட்டில் போனஸ் கோட்டைத் தொடுகிற கால்.
ஏழு ஊர்க் கண்ணும் அவன்மேல்.
என் கண்ணும்தான், பொய் சொல்வானேன்.
ரைடர் இல்லாத அணி
உலை வைத்துவிட்டு அரிசிக்கு அலைகிற வீடு.

முந்தின நாள் சாயங்காலமே
உடையப்பன் ஆலைக்கு நொண்டி வந்திருந்தான்.
"கண்டனூர் வயிரவன் பேரு பட்டியல்ல இருக்காமே."
இருந்தது. ஒன்பதாவதாக.
இவன் கணுக்காலை அள்ளியவன்.
அந்தப் பிடியில்தான் முட்டி திரும்பியது.
அன்றைக்கு விளக்குக் கம்பத்தடியில்
அவனை அடிக்கப் போனவர்களில் நானும் ஒருவன்.
"அவன எடுங்க" என்றான் உடையப்பன்.
"நாலு வருசமா பாடுறேன்.
கணுக்கால யாரு தொட்டாலும் உருவிட்டு வந்துருவேன்.
அவன் கையில மட்டும்
கோடு நாலு விரக்கடைல இருக்கு, எட்ட முடியல."

சீட்டில் எழுதினேன். பேனா இரண்டு முறை மக்கர் செய்தது.
பெயரை வாசித்ததும் ஹாலில் சிரிப்பு.
ஆறடிப் பையன் பள்ளத்தூருக்குப் போனான்.
காப்பி ஆறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வயிரவன் வந்தான்,
தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு.
தராசில் ஏறினான்: அறுபத்துமூன்று எழுநூறு,
நனைந்த சட்டையோடு.
உமி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவனை
அவன் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

உடையப்பன் வேட்டியை ஒதுக்கி
நல்ல காலை நீட்டினான்.
"புடி. எப்படிப் புடிச்சேன்னு
இந்தப் பயலுகளுக்குக் காட்டு."

அவன் குந்தினான்.
சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.
சூடான பாத்திரத்தைத் தொடுகிறவன் மாதிரி
இரண்டு விரல் முதலில். அப்புறம் முழுக் கை.
"இறுக்குடா" என்றான் உடையப்பன்.

ராபின்சன் அந்த நேரம் பார்த்து
மறுபடி தராசில் ஏறியிருந்தான்.
எழுபது தொள்ளாயிரம்.
நான் சீட்டைத் திருப்பினேன்.
வலது கவர் இன்னும் காலி.