வண்டியில் யாரும் இருக்கக் கூடாது

இரவு ஒன்பதரைக்கு
நாளைய திட்டத்தை நாயகிக்கு அனுப்ப வேண்டும்.
அதற்குக் கீழே
இன்றைக்கு உண்மையில் நடந்ததை.
இவ்வளவுதான் ஒப்பந்தம்.

என்னைவிடப் பதினாறு வயது இளையவள்.
இதே புதுவயல் அரிசி ஆலையில்
என் பக்கத்து நாற்காலியில்
ரசீது கிழித்துக்கொண்டிருந்தவள்.
இன்று காரைக்குடி செக்காலையில்
ஆடிட்டர் அலுவலகம், தனி மேசை.
நான் இன்னும் எடைமேடைக் கண்ணாடிக்குப் பின்னால்,
இரண்டு முறை கவிழ்ந்த கணக்கியல் தேர்வோடு.

"எப்படிப் படிச்சே?" என்று
வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன்.
"கேட்டுட்டீங்கல்ல சேவுகண்ணே,
இனிமே எனக்குப் பதில் சொல்லணும்" என்றாள்.

முதல் இரவு ஒன்பது வேலை அனுப்பினேன்.
நாலரைக்கு எழுவது, சங்கராபுரம் வரை நடப்பது,
ஐந்தொகைக் கணக்கு இருபது,
டீயில் சர்க்கரையை நிறுத்துவது,
மச்சினன் கடனுக்கு ஒரு வழி
என்று போனது பட்டியல்.
பதில் வந்தது:
"குட்டியானையில இருபது டன் ஏத்துவீங்களா?
மூணு எழுதுங்க."

மூன்று எழுதினேன்.
ஒன்று நடந்தது.
"சரி."
மறுநாள் இரண்டு.
"சரி."
ஒன்றுமே நடக்காத ஒரு புதன்கிழமை
அடித்தேன், அழித்தேன், அடித்தேன்:
கரண்ட் போனது, தலைவலி,
தம்பி மகளுக்குக் காதுகுத்து.
அதற்கும் "சரி"தான்.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

தை பிறந்து
நெல் லாரிகள் ரயில்வே கேட் வரை வரிசை கட்டின.
இரண்டு ஷிப்ட் பார்த்து வந்த இரவு
புத்தகத்தின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது.
அலாரம் எழுப்ப, அரைக்கண்ணில்
"மூன்றும் முடிந்தது" என்று அனுப்பினேன்.

நாற்பது நாளில் முதல்முறையாக
அவள் ஒரு பூப்படம் அனுப்பினாள்.
மஞ்சள் பூ.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
பிறகும் தெரிந்தது.

விடிகாலை முதல் லாரி.
மேடையேறி நின்றும்
எண்கள் நிலைக்காமல் கடைசி இலக்கம் துடித்தது.
சரக்கு துடிக்காது.
கீழே இறங்கிப் போய்த் தார்ப்பாயைத் தட்டினேன்.
மூட்டைகளுக்கு நடுவே
போர்வைக்குள் ஒரு கிளீனர் பையன்.

சுமையோடு நிறுக்கும்போது இருப்பான்,
வெறும் வண்டி நிறுக்கும்போது டீக்கடையில் நிற்பான்;
அவன் உடம்பும் நெல் விலைக்குப் போகும்.
பழைய வித்தைதான்.
"இறங்கு தம்பி."
ஐம்பத்தெட்டு கிலோ குறைந்தது.
"எல்லா மேடையிலயும் இப்படித்தாண்ணே வர்றேன்" என்று
கொட்டாவி விட்டான்,
கூச்சமே இல்லாமல்.

கண்ணாடியில் நானே எழுதி ஒட்டிய அட்டை
உள்ளிருந்து பார்க்கத் தலைகீழாய்த் தெரிவதில்லை,
இடவலமாய்த்தான் தெரியும்:
எடை போடும்போது
வண்டியில் யாரும் இருக்கக் கூடாது.

ஆறு நாற்பதுக்கு,
ஒப்பந்தத்தில் இல்லாத நேரத்தில், எழுதினேன்:
"நேத்து எடையில நானும் வண்டியிலயே இருந்தேன்.
ஒரு கணக்குகூடப் போடல."

நீலக் கோடு இரண்டும் விழுந்தன.
எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது.
மறுபடி எழுதுகிறாள்.
அதற்குள் இரண்டு வண்டிகள் நிறுத்து அனுப்பினேன்,
ஒன்றின் ரசீதில் தேதியைத் தப்பாகப் போட்டேன்.

"இறங்கியாச்சா?"

"இறங்கியாச்சு."

"சரி."

தேர்வுக்கு இன்னும் முப்பத்தொரு நாள்.
இந்த முறை தேறுவேனா, தெரியாது.
என் ஐந்தொகையின் இரு பக்கமும்
இன்னும் பதினேழு ரூபாய் இடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

மணி ஒன்பது இருபத்தெட்டு.
எழுந்தது: ஐந்து பத்துக்கு.
கணக்கு: நான்குக்கு இரண்டு.
டீயில் சர்க்கரை: அரை ஸ்பூன்.

அரையை அழித்துவிட்டு
முக்கால் என்று போடுகிறேன்.