எந்தத் தெரு

கம்பத்தில் கொக்கி போட்டவன் சிக்கந்தர்.
வைகைப் பாலத்துக்குக் கீழே, தண்ணீர் இல்லாத பக்கம்,
போன தேர்தலின் ஃப்ளெக்ஸைக் குப்புறப் போட்டிருந்தோம்.
வேட்பாளர் மண்ணை முத்தமிட
அவர் முதுகின்மேல் தலைகீழாய்ச் சுற்றிக்கொண்டிருந்தான்
ஜெரால்டின் தம்பி.
நல்ல வழவழப்பு. அதற்காவது உதவினார்.

"இது எங்கிட்டு ஆரம்பிச்சுச்சு தெரியுமாடா?"
கீறல் விழுந்த போனை ஆட்டி ஆட்டிச் சொல்வான் சிக்கந்தர்.
நியூயார்க்கில் பிராங்ஸ் என்று ஒரு பேட்டை.
இன்சூரன்ஸ் பணத்துக்காக
வீட்டுக்காரனே வீட்டைக் கொளுத்திய காலம்.
பயலுக தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்டு எடுத்தாய்ங்க.
ரெண்டு தட்டு, ரெண்டிலும் ஒரே ரிக்கார்டு.
பாடுறவன் வாயை மூடி, மேளம் மட்டும் பேசுற
பத்து நொடி இருக்குல்ல,
அதை மட்டும் பிடிச்சு
இதில் முடிய அதில், அதில் முடிய இதில்,
ராத்திரி முழுக்க ஓட்டினாய்ங்க.
மைக்கைப் பிடித்தவன் முதலில் பாடவே இல்லை.
வந்தவன் பேரைக் கூப்பிட்டான்,
அவன் தெருவைக் கூப்பிட்டான்.
"கொக்கியில பொறந்ததுடா மாப்ள இது!"

கூப்பிடுவது எனக்குத் தெரியும்.
ஆறு வருசம் மினிபஸ் படிக்கட்டு.
பெரியார் பெரியார் பெரியார் சிம்மக்கல் இறங்கு
கோரிப்பாளையம் ஏறு உள்ள போ உள்ள போண்ணே
சில்லறை இல்லாட்டி அடுத்த வண்டி
என்று ஒரே மூச்சில் பதினொரு நிறுத்தம்.
எங்கே மூச்சு வாங்கினால் யாருக்கும் தெரியாது என்பது
நுரையீரலுக்கு மனப்பாடம்.

கடைசி நிறுத்தத்தை மட்டும்
பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
"டேங்க் ஸ்டாப்" என்பேன்.
தண்ணீர்த் தொட்டி என்றால்
யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.
பேரைச் சொன்னால்
பக்கத்து ஆள் ஒரு அங்குலம் நகர்வார்.

அன்றைக்கு எனக்கு எதிரே ஜெரால்டு.
ஞானஒளிவுபுரத்துக்காரன், வாய்க்கு ஸ்பீடு பிரேக்கர் கிடையாது.
என் காக்கியைக் கிழித்தான், தோல்பையைக் கிழித்தான்,
விசிலை எடுத்து என் மூக்கிலேயே மாட்டினான்.
எல்லாரும் ஓவென்று கத்த
தாளத்தோடு கேட்டான்:
"எந்தத் தெருடா விசிலு, நீ எந்தத் தெரு?"

தப்பாய்க் கேட்கவில்லை.
அங்கே அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான்
இந்தக் கலையே வந்தது.
இங்கே அது டீக்கடையில் கேட்பது.
வாடகை வீட்டு வாசலில்
சாவியைக் கொடுக்காமல் கேட்பது.

நாலு எண்ணிக்கை போனது. எட்டு போனது.
தம்பி சுற்றுவதை நிறுத்தி உட்கார்ந்துவிட்டான்.
பாடுறவன் வாயை மூடியிருக்கிற அந்தப் பத்து நொடி
திரும்பத் திரும்ப
என் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது.

விசிலை எடுத்தேன். ரெண்டு தரம் ஊதினேன்.
ரைட்.

காலனி கிழக்கே மூணாவது சந்து
ஓட்டுக்கு மட்டும் கும்பிடுவாய்ங்க வந்து
கம்பமும் இருக்கு கம்பியும் இருக்கு
வெளக்கு மட்டும் ஒன் தெருவுல இருக்கு
ஏறுண்ணே ஏறு ஏறுண்ணே ஏறு
என் ஸ்டாப்பு பேர என் வாயால கேளு

அதற்கப்புறம் என்ன சொன்னேனோ,
சிக்கந்தர் பதிவு பண்ண மறந்துவிட்டான்.
யார் ஜெயித்தது என்றும் தெரியாது.
ஜெரால்டின் முறை வந்தது. மைக்கை வாங்கவில்லை.
ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னான்.
"ஞானஒளிவுபுரம் எங்க மாமா வீடுடா" என்றான்.
மேலே அவனும் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
பாலத்தின் மேல் ஒரு லாரி, தாளம் தப்பாமல் போனது.

காலை அஞ்சு நாற்பது வண்டி.
தொட்டி தெரிந்தது.
"டேங்" வரைக்கும் வந்துவிட்டது வாயில்.
விழுங்கிவிட்டு
முழுப்பேரையும் கத்தினேன்,
காலனி காலனி காலனி என்று, டிரைவர் திரும்பிப் பார்க்க.

ஜன்னலோரத்து வேட்டிக்காரர்
ஒரு அங்குலம் நகர்ந்தார்.
பூக்கூடையோடு ஏறிய பஞ்சவர்ணம்
"இன்னும் கொஞ்சம்" என்று
அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.