துவைக்கும் நாள்

பேர்ண் நகரில் எங்கள் கட்டடத்துச்
சலவை அறை.
வியாழன் எங்கள் முறை.
என் வேலைச் சட்டைகளுக்கு நடுவே
ஒரு வால் சுழல்கிறது.

"கம்பளி என்றால் முப்பது பாகை"
என்கிறார் மேல்வீட்டு லூத்தி அம்மா.
வேறொன்றும் கேட்கவில்லை.

ஆரபி தன்னை நரி என்று சொல்லி
ஆறு மாதம்.
பெரியப்பா நூல் கட்டச் சொன்னார்.
நான் கட்டவில்லை. அவளிடம் கேட்டேன்,
சோறா, இறைச்சியா?
"ரெண்டும்" என்றாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து
விடியப்புறம் வந்தால்
கதவடியில் குந்தியிருந்து
என் கையை முகர்வாள்:
"வெங்காயம். ஆனா
அதுக்கு முந்தியே அழுதிருக்கிறீங்கள் அம்மா."

நரி முகத்தில் முழித்தால் யோகமாம்.
தினமும் முழிக்கிறேன்,
லொத்தர் ஒன்றும் விழவில்லை.

வால் இன்னும் ஈரம்.
பள்ளிக்கு நேரமாகிறது.
என் சால்வையை அவள் இடுப்பில் கட்டுகிறேன்,
நுனி
தரையில் படாதபடி.